பதினாறு மில்லிமீட்டர்

பழைய லாரிச் சாமான் விற்கும் அந்தத் தெருவில் ‘காதுக்காரர்’ என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் வரி ரசீதில் மட்டும் இருந்தது. ரசீது எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. கிராங்க் ஷாஃப்ட் ஒன்று வந்து இறங்கினால் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். சின்ன ஸ்பேனரால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொள்வார். கோயில் மணி போல ‘ணங்’ என்று நீண்டால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்று வாய்க்குள்ளேயே செத்தால் உள்ளே விரிசல். சிலிண்டர் ஹெட்டாக இருந்தால் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சாக்பீஸ் பொடி தூவி, பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசுவார். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு விழும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “பெரியவரே, உங்க ஹெட்டு அழுவுது” என்பார்.

அவர் கடைக்கு வரும் எந்தச் சாமானுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்த வண்டியில கழட்டுனது?” ஓட்டினவன் யார், எத்தனை வருஷம் ஓட்டினான், கவிழ்ந்த வண்டியா, கிழடு தட்டி நின்ற வண்டியா என்று பூர்வோத்தரம் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே எடுக்கமாட்டார். இன்னொரு கடைக்குச் சரக்கு வாங்கப் போனால், அது எவ்வளவு பிடித்திருந்தாலும் கடைசியில் “வேணாம்ப்பா” என்று சொல்லிப் படி இறங்கிவிடுவார். அந்தத் தெருவில் மூன்றாவது படியைத் தாண்டிப் போனவர் யாரும் கிடையாது. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கூப்பிடப்படாமல் தெருமுனை வரைக்கும் நடந்ததில்லை.

அவர் வேணாம் என்று விட்ட சரக்கை அப்புறம் வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, குழந்தைகள் இதயப் பிரிவின் பெரிய டாக்டர், “உங்க பொண்ணுக்கு வால்வு கிடைச்சிருக்கு” என்று சொன்னார்.

பெரிய டாக்டர் குள்ளமான அம்மாள். மேசைக்குப் பின்னால் தலையும் கண்ணாடியும் மட்டும் தெரியும். பக்கத்தில் ஃபைலும் கையுமாக நின்றவள் பேங்க்கம்மா. தானமாக வரும் இதய வால்வுகளைச் சேமித்துவைக்கும் பேங்குக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே பேசி முடிப்பது அவள் வேலை. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு நகைக்கடன் கிடைக்குமா என்று விசாரித்தவர்களும் உண்டு.

காதுக்காரரின் மகள் சிட்டுக்கு ஐந்து வயது. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயும் அதன் வாசல் கதவான வால்வும் அவளுக்குப் பிறவியிலேயே உருவாகவில்லை. பிறந்த பத்தாம் நாள் ஒரு சின்னக் குறுக்குவழி வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், அது பற்றவில்லை. நாலு எட்டு நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். அன்றைக்கு அம்மாவோடு ஸ்கேன் அறைக்குப் போயிருந்தாள். டாக்டர் முன்னால் காதுக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“வால்வுன்னா எனக்குத் தெரியும் டாக்டர். நம்ம தொழிலே அதானே. புதுசா?”

“மனுஷ வால்வு. தானமா வந்தது. குழாயும் வால்வும் சேர்ந்தாப்ல இருக்கும். நைட்ரஜன்ல உறைய வச்சிருக்காங்க. பதினாறு மில்லிமீட்டர். உங்க பொண்ணுக்கு அளவெடுத்தாப்ல இருக்கு.”

“அப்ப செகண்ட் ஹேண்டு.”

பேங்க்கம்மா சிரிப்பை ஃபைலுக்குள் ஒளித்துக்கொண்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

“உலோகத்துல செஞ்சது இருக்கு. போட்டா ரத்தம் உறையாம இருக்கத் தினம் மாத்திரை சாப்பிடணும், ஆயுசுக்கும். கீழ விழுந்தா ரத்தம் லேசுல நிக்காது. அஞ்சு வயசுப் பொண்ணு விழாம இருப்பாளா? மாட்டுத் தசையில செஞ்சது இருக்கு. குழந்தைங்க உடம்புல அது சீக்கிரமே கல்லா இறுகிடும். இவளுக்கு இதுதான் நல்லது. சின்ன அளவுல கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.”

விற்கிறவன் ‘அபூர்வம்’ என்று சொன்னால் காதுக்காரருக்குக் காது விடைத்துக்கொள்ளும்.

“எத்தனை வருஷம் ஓடும்?”

“பத்து வருஷம் ஓடலாம். கூடவும் ஓடலாம், முன்னாடியே மாத்தவும் நேரலாம். அவ வளருவா, வால்வு வளராது.”

“அந்தப் பத்து வருஷத்தை எழுதித் தருவீங்களா?”

“அதை யாரும் யாருக்கும் எழுதித் தர முடியாதுங்க.”

“சரி. யார்கிட்ட இருந்து எடுத்தது?”

“சொல்லக் கூடாது. அவங்களுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவங்களைத் தெரியாது. அதான் விதி.”

“என்ன வயசு? எப்படிப் போனாங்க? அதாவது சொல்லலாமில்ல?”

“கிருமி இருக்கா, சேதம் இருக்கா, எல்லாம் சோதிச்சாச்சு. அந்தக் காகிதம் காட்டறேன். ஆள் விவரம் கிடையாது.”

“ஒருதடவை கண்ணால பாக்கலாமா?”

“உறைஞ்சு கிடக்கு. ஆபரேஷன் மேசையில குழந்தை படுத்த பிறகுதான் உருக்குவோம்.”

“விலை?”

“வால்வுக்கு விலை கிடையாது.”

இந்த இடத்தில்தான் காதுக்காரர் தடுமாறினார். விலை இல்லாத சரக்கை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. விலை இருந்தால் குறைக்கச் சொல்லலாம். குறைக்கும்போது எதிராளியின் முகம் சொல்வதைப் படிக்கலாம். இங்கே பிடிக்க ஒரு காது இல்லை, தட்ட ஒரு உலோகம் இல்லை, எந்த வண்டி என்று சொல்ல ஆள் இல்லை. வாங்கத்தான் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கினால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? கொஞ்சம் விட்டுப்பிடித்தால் ஒரு விவரமாவது வெளியே வரும். வயசாவது சொல்வார்கள்.

எழுந்தார். நாற்காலியைப் பதவிசாக உள்ளே தள்ளினார்.

“வேணாம் டாக்டர். நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “வேற இடம்னு ஒண்ணு இல்ல. சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் இதை நமக்காக வச்சிருப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு.”

“உறுதியாத்தான் சொல்றீங்களா?”

இரண்டாம் தடவை கேட்கிறார்கள் என்றால் எதிராளி இறங்குகிறான் என்று அர்த்தம். அது தெருவின் பாடம். காதுக்காரர் இன்னும் விறைத்துக்கொண்டார். “உறுதிதான்.”

பேங்க்கம்மா ஒரு தாளை நீட்டினாள். வால்வு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் படிவம். அதையும் அவர் பேரத்தின் ஒரு அங்கமாகத்தான் எடுத்துக்கொண்டார். வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தக் கட்டிடத்தில் மாடிப்படி அகலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டு இறங்கினார். மூன்றாவது படியில் செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றார். பின்னால் ஒரு கதவு திறந்தது. துடைப்பத்தோடு ஒரு ஆள் வந்து, “கொஞ்சம் நகருங்க சார், ஈரம்” என்றான்.

கீழே மருந்துக் கவுன்டர் அருகே மனைவி உட்கார்ந்திருந்தாள். சிட்டு அவள் மடியில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“வால்வு வந்திருக்கு. அளவும் சரியாம். நான் வேணாம்னுட்டேன்.”

“என்னது?”

“அட இரு. கூப்புடுவாங்க. ஒரு விவரமும் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டு மணி நேரம் விட்டுப்பிடிச்சா எல்லாம் தானா வரும்.”

மனைவி அவரையே பார்த்தாள். பத்து வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தியும் இன்னும் ஆச்சரியப்பட ஏதோ மிச்சமிருந்தது போலிருந்தது அந்தப் பார்வை.

“அவங்க என்ன பாத்திரக்கடையா வச்சிருக்காங்க? ஓடி வந்து கையப் புடிச்சு இழுக்க?”

“உனக்கு யாவாரம் தெரியாது.”

“எனக்கு யாவாரம் தெரியாதுதான். இவ மூச்சு விடறது தெரியும். ராத்திரி எத்தனை தடவை எழுந்து உக்காருதுன்னு எண்ணச் சொன்னா நான் எண்ணுவேன், உங்களால முடியுமா?”

சிட்டு தலையைத் தூக்கினாள். “அப்பா, எனக்கு ஒரு சாமான் வாங்கணுமாமே. கிடைச்சுதா?”

“கிடைச்சுடும்டா.”

“நீ தட்டிப் பாத்தியா?”

“பாக்கலாம்டா, பாக்கலாம்” என்றார். குரல் ‘டொக்’ என்றுதான் வந்தது.

குழந்தைக்கு இன்னும் ரத்தப் பரிசோதனை பாக்கி. மனைவி அங்கேயே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்து நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கு இளக்காரமாகிவிடும் என்று காதுக்காரர் கடைக்கே போய்விட்டார். ஃபோனைக் கல்லா மேசையின் மேல், மணி அடித்தால் கேட்கும்படி வைத்தார். ஒரு சிலிண்டர் ஹெட்டைத் திருப்பிப் போட்டு மண்ணெண்ணெய் தடவினார். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் உருகிய வாடை தெரு முழுக்க. எதிர்க்கடையில் ஒருவன் கியர்பாக்ஸை உளியால் பிளந்துகொண்டிருந்தான்.

பக்கத்துக் கடை அவர் மனைவியின் அண்ணனுடையது. பழைய டயர் வியாபாரம். டயர்க்கடை மச்சான் என்றால் தெருவுக்கே மச்சான். வயிற்றில் ஒரு டயரைக் கட்டிக்கொண்டு பிறந்தவர் மாதிரி இருப்பார். எவர்சில்வர் டம்ளரில் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாப்ள, படி இறங்கிட்டீங்களாமே? தங்கச்சி ஃபோன் பண்ணி அழுவுது.”

“கூப்புடுவாங்க மச்சான்.”

“நான் ஒண்ணு கேக்கறேன். விக்கிறவனுக்கு ஆத்திரம் இருந்தாத்தான கூப்புடுவான்? அந்தம்மாவுக்கு என்ன ஆத்திரம்? வேணும்னு நிக்கிறது நாம. நமக்கு ஆத்திரம் இருக்கறப்ப நாமளே படி இறங்குனா, அதுக்குப் பேரு பேரமா மாப்ள? என் கடையில ஒருத்தன் ஸ்டெப்னி கேட்டு வந்தான். வண்டி மலைப்பாதையில பஞ்சராயி நிக்குது. அவன் போயி ‘வேணாம்’னு நடந்தான். நான் கூப்புடல. சாயங்காலம் அவனே திரும்பி வந்து, நான் சொன்ன காசைக் குடுத்துட்டு டயரை உருட்டிக்கிட்டுப் போனான்.”

காதுக்காரர் சாக்பீஸ் பொடியைத் தூவினார். பொடி ஒரு பக்கமாகக் குவிந்தது. மணி ஒன்று. ஒன்றரை. ஃபோன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று ரேடியேட்டர் கேட்டு. இன்னொன்று தவறான எண். அந்தத் தவறான எண்காரனிடம் கூட, “யாரு, ஆஸ்பத்திரியா?” என்று கேட்டார்.

இரண்டேகாலுக்கு மூன்றாவது தடவை அடித்தது. மனைவி. அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“ரத்தம் எடுக்க ஊசி குத்துனாங்க. அழுதா. அப்படியே நீலமாயிட்டா. கண்ணு மேல போயிடுச்சு. நாலு பேரு தூக்கிக்கிட்டு ஓடி ஆக்சிஜன் வச்சிருக்காங்க. இனிமே வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம். நான் மேல போயி வால்வைக் கேட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களாமே.”

கடையைச் சாத்தவில்லை. மச்சானைப் பார்த்து என்னவோ கையைக் காட்டிவிட்டு ஓடினார்.

பேங்க்கம்மாவின் அறை மாடிக் கோடியில் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தது. காதுக்காரருக்கு மூச்சு இரைத்தது.

“அம்மா, நான் சும்மா... அது ஒரு பேச்சுக்கு. எங்க தொழில்ல அப்படித்தான். வால்வைக் குடுங்க.”

அவள் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டாள். அந்த மரியாதையே நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க கையெழுத்துப் போட்டதும் பேங்குக்குச் சொல்லிட்டோம். இதே அளவு வேணும்ங்கற அடுத்த குழந்தைக்குப் போயிடுச்சு.”

“எந்த ஊரு?”

“இங்கதான். இதே வார்டு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. நான் சொன்னதாவும் இருக்க வேணாம்.”

“அவங்க எடுத்துக்கிட்டாங்களா?”

“யோசிக்கறாங்க. நாலு மணிக்குள்ள சொல்லணும்.”

“வேணாம்னுட்டாங்கன்னா?”

பேங்க்கம்மா ஃபைலை மூடினாள். “வேணாம்னா, திரும்ப உங்களுக்குத்தான் முதல் கேள்வி.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

வராந்தாவில் வார்டு வாசலுக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. காதுக்காரர் அதில் வந்து விழுந்தார். கண்ணாடிக் கதவு வழியாகச் சிட்டு தெரிந்தாள். முகத்தை மூடிய பிளாஸ்டிக் முகமூடி, அதில் ஆவி வந்து வந்து மறைந்தது. மனைவி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். முப்பது வயதிருக்கும். நகக்கண்ணில் வெள்ளை டிஸ்டெம்பர், புருவத்தில் ஒரு நீலப் பொட்டு. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவன் மகனுக்கு ஆறு வயது; சிட்டுக்கு அடுத்த கட்டில்.

“அண்ணே, நீங்கதான காதுக்காரர்?”

“ஆமா.”

“உங்களைப் பத்தி லாரி ஷெட்டுல கேள்விப்பட்டிருக்கேன். ஷெட்டுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன். தட்டிப் பாத்தே சொல்லிடுவீங்களாமே.” அவன் குரலைத் தாழ்த்தினான். “என் பையனுக்கு ஒரு வால்வு வந்திருக்குன்னு காலையில சொன்னாங்க. முதல்ல வேற ஒருத்தருக்கு வந்து அவங்க வேணாம்னுட்டாங்களாம். யாருன்னு சொல்லல. அண்ணி காலையில அழுதுகிட்டே ஃபோன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. வேணாம்னது நீங்கதானே?”

“நான்தான்,” என்றார் காதுக்காரர்.

“நீங்க வேணாம்னு விட்டா அதுல ஏதோ இருக்கணும். அதான் கையெழுத்துப் போடாம உக்காந்திருக்கேன். நாலு மணி நேரமா மண்டை வெடிக்குது. நீங்களே சொல்லுங்கண்ணே. குறை இருக்கா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் நுணலுக்கு வாயால் பிழைக்கவும் ஒரு சந்தர்ப்பம் வாய்க்கும் போலிருக்கிறது. ஆளைச் சாய்க்க ஒரு பொய்கூடத் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரை இப்படிச் சாய்த்திருப்பார். ஒரு பெருமூச்சு, பாதி வாக்கியம், பார்வையை வேறு பக்கம் திருப்புதல். மீதியை வாங்க வந்தவனே கட்டிக்கொள்வான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முகமூடியில் ஆவி வந்து மறைந்தது.

“என்ன தம்பி சொல்றது,” என்றார் காதுக்காரர். “பழசு பழசுதான்.”

பெயிண்டர் கண்ணை மூடித் திறந்தான். அவர் முழங்கையைத் தொட்டான். “போதும்ணே. நல்லவேளை கேட்டேன். கடவுள் மாதிரி வந்தீங்க. கெட்ட சாமானை என் புள்ள நெஞ்சுல வச்சிருப்பேன்.” எழுந்தான். இரண்டடி போனவன் நின்றான். “அண்ணே, பதினாறு பதினாறுன்னு சொன்னாங்களே, அது என்ன?”

“விட்டம்,” என்றார் அவர். தொழில் கேள்விக்கு வாய் தானாகப் பதில் சொல்லும். “உள்வாய். இவ்ளோ இருக்கும்.” கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வளையம் காட்டினார்.

வளையத்தைக் காட்டியவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரிய வண்டியில் பதினாறு வராது. அது அவருக்குத் தெரியாத விஷயமா? சின்ன வால்வு சின்ன எஞ்சினில் இருந்துதான் வரும். காலையிலிருந்து எந்த வண்டி, எந்த வண்டி என்று கேட்டுக்கொண்டிருந்தாரே, பதில் முதல் நிமிஷத்திலேயே மேசைமேல் கிடந்திருக்கிறது. சிட்டு அளவுக்கு ஒரு பிள்ளை. ஒன்றிரண்டு வயது முன்னப்பின்ன. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு பெஞ்சு இருந்திருக்கும். அதில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனிடமும் ஒரு தாளை நீட்டியிருப்பார்கள். யாருக்குப் போகும், பத்திரமாக வைத்துக்கொள்வார்களா, எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்கள். படி இறங்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

பெயிண்டர் வராந்தாக் கோடிக்குப் போய்விட்டான். தடுப்புக் கதவில் கை வைத்துவிட்டான்.

“தம்பி!”

காதுக்காரரின் குரலுக்கு வார்டில் இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து உஸ்ஸென்றாள். அவர் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

“அதுல குறை இல்ல. நல்ல சரக்கு. கையெழுத்துப் போடு.”

“இப்பத்தானே பழசுன்னீங்க?”

“சொன்னேன். தப்பு. போடு.”

பெயிண்டர் சட்டையை விடுவித்துக்கொண்டான். இப்போது அவன் பார்வையில் சந்தேகம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒரு வியாபாரி சரக்கைத் திட்டினால் நம்பலாம், புகழ்ந்தால் எப்படி நம்புவது?

“நல்லதுன்னா நீங்க ஏன் விட்டீங்க?”

“பேரம் பேசுனேன்ப்பா.”

“பேரமா? அதுக்கு விலையே இல்லன்னாங்களே. எதைக் குறைக்கச் சொன்னீங்க?”

மூன்று நாற்பது. காதுக்காரர் இரண்டு விரலை மறுபடி வளைத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதைப் பாரு. இவ்ளோதான். இது பெரியவங்க இதயத்துல இருக்காது. ஒரு குழந்தையோடது. அதைப் பெத்தவங்க குடுத்திருக்காங்க. அந்த நிலைமையில, எரிக்கவோ புதைக்கவோ போற நேரத்துல, வேற யார் புள்ளையோ மூச்சு விடட்டும்னு குடுத்திருக்காங்க. டாக்டருங்க பூதக்கண்ணாடி வச்சு சோதிச்சிருக்காங்க. தட்டிப் பாக்கறதுக்கு நான் யாரு? என் பொண்ணுக்கு வேணும்னுதான் இப்ப ஓடி வந்தேன். நான் சொல்றேன், போடு. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு.”

பெயிண்டர் அந்த விரல் வளையத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவன் பேனா வாங்கிக் குனிவது தடுப்பின் மேல் இடைவெளியில் தெரிந்தது. காதுக்காரர் வார்டுப் பக்கம் திரும்பினார்.

மனைவியிடம் அவரே போய்ச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை; ‘பழசு பழசுதான்’ என்றதையும் சேர்த்து. அவள் சிட்டுவின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அந்த வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நம்ம புள்ளைக்கு வந்திருக்கும்.”

“வந்திருக்கும்.”

“காலையில மூடியிருந்தாலும் வந்திருக்கும்.”

“ஆமா.”

“ரெண்டு தடவையும் தப்பான நேரத்துல தொறந்திருக்கீங்க.” முகமூடியைச் சரிசெய்தாள். “இல்ல. ரெண்டாவதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சொன்னா தெய்வம் பொறுக்காது. ஆனா என்கிட்ட இப்ப பேசாதீங்க. அடுத்தது வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க வாசல்ல நின்னா போதும்.”

அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டர் நாள் சொல்லவில்லை. வாரமாகலாம், மாசமாகலாம் என்றார். இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி நீலமானால் காத்திருக்க முடியாது, இருப்பதில் எதையாவது வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கும் என்றார். காதுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெயிண்டரின் மகனுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. திங்கட்கிழமை அவன் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கெட் கேட்டுச் சண்டை போட்டான். சிட்டு முகமூடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் நகம் ரோஸ் கலர் ஆயிடுச்சும்மா” என்றாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு ஆனது. வியாழனன்று மறுபடி ஒரு தடவை நீலமானாள். ஞாயிறு இன்னொரு தடவை. அன்றைக்கு மீண்டு வரப் பதினோரு நிமிஷம் பிடித்தது. காதுக்காரர் கடைப் பக்கம் போகவில்லை. மச்சான்தான் இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டார். போன வாரம் வந்த கிராங்க் ஷாஃப்டைத் தானே தட்டிப் பார்த்ததாகவும், எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது என்றும் வந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

பதினாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு பேங்க்கம்மா வார்டுக்கு ஓடிவந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. பதினேழு மில்லி. காதுக்காரர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் மனைவி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே இன்னொரு பெஞ்சு. ஒன்பது மணிக்குச் சிட்டுவை உள்ளே கொண்டுபோனார்கள். பத்து, பதினொன்று. சிவப்பு விளக்கு அணையவில்லை. மனைவி உட்கார முடியாமல் வராந்தாவை அளந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் பெயிண்டர் வந்தான். அன்றைக்கு மகனை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். சொல்லிவிட்டுப் போக வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பையனைப் பற்றிப் பேசினான். தைத்த இடம் அரிக்கிறது என்று சொல்கிறானாம், படி ஏறிக் காட்டுகிறானாம்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா உள்ள கிடந்து உறுத்துது. அன்னிக்கு முதல்ல ‘பழசு பழசுதான்’னீங்களே. அப்புறம் நீங்களே ஓடி வந்து போடச் சொன்னீங்க. அந்த முதல் வார்த்தை எதுக்கு?”

சமாளிக்க ஆயிரம் வழி அவருக்குத் தெரியும். சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

“நீ வேணாம்னா எனக்கு வரும்னு சொன்னாங்க. அதுக்குத்தான்.”

பெயிண்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்தது. கை முஷ்டியாக மூடித் திறந்தது.

“என் புள்ளைய... நான் உங்களைக் கடவுள்னேன்ணே.”

“ஆமா. சொன்ன.”

அவன் எழுந்தான். போய்விடுவான் என்று காதுக்காரர் நினைத்தார். அடிப்பான் என்றும் நினைத்தார், அடித்தால் நல்லது என்று தோன்றியது. அவன் பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தான். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். போகவில்லை. நடந்து களைத்து வந்த மனைவி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?”

அவள் கேட்டதையே மறந்து விளக்கைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. பெரிய டாக்டர் நின்ற இடத்தில், தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: “வால்வு நல்லா வேலை செய்யுது. இதயம் தானாத் துடிக்குது. நெஞ்சைத் தைச்சுக்கிட்டு இருக்காங்க. அரை மணி நேரத்துல அந்தப் பக்கம் கொண்டுபோவாங்க, கண்ணாடி வழியாப் பாக்கலாம். இன்னும் ரெண்டு நாள் கவலை இருக்கு. ஆனா முதல் கவலை தீந்துச்சு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். காதுக்காரர் எழப் பார்த்தார். கால் கேட்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்து இன்னொரு தடவை முயன்றார். முழங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டிஸ்டெம்பர் படிந்த நகங்களோடு ஒரு கை அவர் முகத்துக்கு நேரே வந்தது.

“கோவம் கோவமாத்தான் இருக்கு,” என்றான் பெயிண்டர். “எந்திரிங்க. புள்ளையப் பாக்கணுமில்ல.”